முன்னோர் மண்ணறைகளைத் தேடி

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில் ஆவடிக்கு அப்பால் அமைந்திருக்கிறது திருநின்றவூர். மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய பூசலாரின் ஊர் இதுவென்று பெரியபுராணம் கூறும். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய தென்னாட்டின் முதல் இரயில் இவ்வழியேதான் சென்றது. 2021-இல் நகராட்சியாகிவிட்ட இவ்வூரைச் சுற்றி ஏரிப் பாசன வயல்களும் புஞ்சைகளும் வீட்டு மனைகளாகி வருகின்றன. இத்தகைய ஊர்ப்புறங்களில் தம் பாட்டனார்களின் மண்ணறைகளைத் தேடிச் செல்வோர் காண்பது, பெரும்பாலும் வேலியிட்ட மனைகளையும் மௌனத்தையும்தான்.

இப்பகுதியில் நம்மவர் வாழ்வு நேற்று இன்று தொடங்கியதன்று. அருகிலுள்ள பூந்தமல்லிப் பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டு, அது கோல்கொண்டா ஆட்சியில் 1653-இல் எழுப்பப்பட்டதெனச் சான்று பகர்கிறது. பூந்தமல்லி போன்ற பேரூர்களில் பள்ளிவாசலும் ஜமாஅத்தும் பொதுக் கபுருஸ்தானும் இருந்தன. ஆனால், ஓரிரு முஸ்லிம் வீடுகளே இருந்த சிற்றூர்களின் நிலை வேறு. அங்கே மையித்தைத் தம் சொந்த நிலத்தின் ஓரத்திலேயே அடக்கம் செய்யும் வழக்கம் உண்டு. பிள்ளைகள் பிழைப்பு நாடிப் பட்டணம் சென்றார்கள், நிலம் பாகமாயிற்று, பின்பு கைமாறியது. கபுர்கள் இருந்த மூலையைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லையெனின், புதிதாக வாங்கியவருக்கு அது வெறும் மேடு.

பெயர் பொறித்த கல் இருந்தால் இந்நிலை வந்திராதே எனச் சிலர் கேட்பர். மண்ணறைமீது கட்டடம் எழுப்புவதையும் காரை பூசுவதையும் எம்பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை நாம் அறிவோம். எனினும், அடையாளமே கூடாதென்று அவர்கள் சொல்லவில்லை. உஸ்மான் பின் மழ்ஊன் (ரலி) அவர்கள் மறைந்தபோது, மற்றொருவரால் தூக்க இயலாத கல்லைத் தாமே சுமந்து வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கபுரை அறிந்துகொள்ளவும், தம் குடும்பத்தில் இறப்போரை அதனருகே அடக்கவுமே அவ்வாறு செய்ததாக விளக்கினார்கள். அபூதாவூது தொகுப்பில் இச்செய்தி உள்ளது. நம் மீஸான் கற்கள் எளியனவாக இருப்பது குறையன்று. அக்கல் நின்ற இடத்தை ஏட்டில் எழுதி வையாததே குறை.

பிறர் எழுதி வைத்தனர். சென்னை மாகாணத்து ஐரோப்பியர் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே. ஜே. காட்டன் 1905-இல் பெருநூலாக வெளியிட்டார். தெற்காசியாவில் கிடக்கும் தம் நாட்டார் கல்லறைகளைப் பேணவென்றே ஆங்கிலேயர் 1976-இல் ஒரு சங்கம் கண்டனர். கப்பலேறிப் போனவர்களுக்கு இருந்த இக்கவலை, இம்மண்ணிலேயே இருக்கும் நமக்கு இருக்க வேண்டாமா?

தேடுவோர் முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் கிப்லா மேற்கே இருப்பதால், மையித்தின் தலை வடக்கிலும் கால் தெற்கிலும் அமைய, முகம் மேற்கு நோக்கும். ஆதலின், வடக்குத் தெற்காக நீண்ட மேடுகள் வரிசையாக இருப்பதும், அவற்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கற்கள் நிற்பதும் நல்ல அடையாளங்கள். ஊர்ப் பெரியவர்களின் நினைவு அடுத்த சான்று. எம்மதத்தவராயினும் அவர்களைக் கேட்டறிவது நலம்.

அடுத்தது ஏடு. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேடு, ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரியவர் யார், அல்லது அது எவ்வகைப் புறம்போக்கு என்று காட்டும். அதன் குறிப்புப் பகுதியையும் விடாது படிக்க வேண்டும். 1858-இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் காணலாம். இங்கே ஊர்ப் பெயரும் எல்லையும் மாறியிருப்பதை மறத்தலாகாது. திருநின்றவூரைத் தின்னனூர் என்றும் வழங்குவர். இன்றைய திருவள்ளூர் மாவட்டமோ 1997-க்கு முன் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஒரே பெயரில் தேடிவிட்டு இல்லையென்று திரும்புதல் கூடாது.

யாவற்றினும் பயன்தரும் வழி ஒன்றுண்டு. நம் பத்திரம் தொலைந்திருக்கலாம். அண்டை நிலத்தாரின் பத்திரம் இருக்கும். அதன் நான்கெல்லை விவரத்தில் ‘துலுக்கர் இடுகாட்டுக்குக் கிழக்கு’ என்பதுபோல் ஒரு தொடர் அகப்படக்கூடும். நாம் மறந்த முன்னோரை, எல்லை காட்டும் பொருட்டேனும் அயலார் எழுதி வைத்திருப்பர்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? பொதுக் கபுருஸ்தானுக்குச் சட்டத்தின் துணை உண்டு. நெடுங்காலம் அடக்கத்தலமாகப் பயன்பட்ட நிலம் அப்பயன்பாட்டினாலேயே வக்ஃபு ஆகும் என, முல்தான் நகரத்து வழக்கில் பிரிவி கவுன்சில் 1912-இல் தீர்ப்பளித்தது. தமிழகத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1976-இல், பொதுக் கபுருஸ்தானென நிலைபெற்ற இடம், பின்னர் அடக்கம் நின்றுபோனதால் தன் தன்மையை இழக்காது என்றது. அத்தீர்ப்பே, பொது அடக்கத்தலம் வேறு, ஒரு குடும்பத்தாருக்கு மட்டும் உரியது வேறு என்றும் பிரித்துக் காட்டியது. தனியார் பட்டாவிலுள்ள குடும்ப அடக்கத்தலத்தின் வலுக்குறைவு இங்கேதான் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டமோ, பயன்பாட்டினால் மட்டும் வக்ஃபு உண்டாகும் வழியை இனி வருவனவற்றுக்கு அடைத்துவிட்டது. முன்னரே பதிவானவற்றையும், வழக்கில் சிக்காமலும் அரசு நிலமென வாதிக்கப்படாமலும் இருந்தாலன்றி அது காக்காது. ஆகவே, வாய்மொழி மரபை நம்பி வாளாவிருக்கும் காலம் முடிந்தது.

பூசலார் நினைவில் எழுப்பிய கோயிலை இறைவன் ஏற்றான் என்பது புராணம். நினைவில் மட்டும் நிற்கும் கபுருஸ்தானை வட்டாட்சியர் அலுவலகம் ஏற்காது. குடும்ப நிலத்தில் கபுர்கள் உள்ளோர், நிலம் கைமாறுமுன் அந்த மூலையை அளந்து உட்பிரிவு செய்து, முறைப்படி எழுதி ஜமாஅத்தின் பொறுப்பில் வக்ஃபாகப் பதிவு செய்து வைப்பாராக. எங்கே யார் அடங்கியுள்ளார் என்பதை ஒரு தாளில் வரைந்து பிள்ளைகளிடம் தருவாராக.

கபுர்களைச் சந்தியுங்கள், அவை மறுமையை நினைவூட்டும் என்பது நபிமொழியின் கருத்து. சந்திப்பதற்கு அவை இருக்க வேண்டுமல்லவா? மண்ணுக்குள் மறைந்தோரை அல்லாஹ் நன்கறிவான். அவர்கள் மண்ணறைகளை அறிந்து வைத்திருப்பது நம் கடன்.