இடம் மாறிய கல்லறை

பிலடெல்பியாவில் ஃப்ராங்க்லினின் கல்லறைமேல் பார்வையாளர்கள் காசு போட்டுவிட்டுப் போகிறார்கள். சிக்கனத்தை உபதேசித்தவருக்கு இப்படி ஒரு மரியாதை. சில தெருக்கள் தள்ளி, கிறைஸ்ட் சர்ச் மாதாகோவிலின் வளாகத்தில் ஜேம்ஸ் வில்சன் புதைக்கப்பட்டிருக்கிறார். காசு வேண்டியிருந்தவர் இவர்தான்.

1742-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சுதந்திரப் பிரகடனம், அரசியல் சட்டம் இரண்டிலும் கையெழுத்திட்ட ஆறு பேரில் ஒருவர். 'மக்களாகிய நாம்' என்ற தொடக்கம் அவர் கையெழுத்து வரைவுகளில் இருக்கிறது. ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று 1787 மாநாட்டில் வாதாடித் தோற்றார். பிரதிநிதித்துவத்துக்காக அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிடும் ஏற்பாட்டை முன்மொழிந்தவரும் அவரே. இரண்டும் ஒரே மனிதர், ஒரே மாநாடு. இதை முரண்பாடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியவில்லை. தென்மாநிலங்களைச் சேர்த்துக்கொள்ளக் கொடுத்த விலை அது; கொடுத்தவர்கள் வேறு யாரோ.

வாஷிங்டன் நியமித்த முதல் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளில் ஒருவரான வில்சன், கடன் வாங்கி மேற்கே நிலங்களாக வாங்கிக் குவித்தார். 1796-97 நெருக்கடியில் எல்லாம் சரிந்தது. நீதிபதியாக இருக்கும்போதே இருமுறை கடனுக்காகச் சிறைப்பட்டார். இரண்டாம் முறை அவரைச் சிறைக்கு அனுப்பியவர் பியர்ஸ் பட்லர். இவரும் அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர். ஓடிப்போன அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்கும் ஷரத்தைக் கொண்டுவந்தவர். ஆளைத் துரத்திப் பிடிப்பது அவருக்குப் புதிதல்ல.

1798 ஆகஸ்டில், வட கரோலினாவின் ஈடன்டனில், ஹார்னிப்லோ குடும்பத்தின் விடுதியில் வில்சன் இறந்தார். வயது 55. பக்கத்து ஹேய்ஸ் தோட்டத்தில் புதைத்தார்கள். 108 ஆண்டுகள் கழித்து, 1906-ல், எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கடற்படைக் கப்பலில் ஏற்றிப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிரகடனம் கையெழுத்தான மண்டபத்தில் சவப்பெட்டிக்கு மரியாதை நடந்தது. தேசம் பழைய கடனைத் தள்ளுபடி செய்துவிட்டது.

எனக்கு ஈடன்டன்தான் முக்கியமாகப் படுகிறது. அந்த ஹார்னிப்லோக்கள் அடிமையாக வைத்திருந்த ஒரு பெண்ணின் பேத்தி ஹாரியெட் ஜேக்கப்ஸ், 1813-ல் அதே ஊரில் பிறந்தவள். பாட்டியின் வீட்டுக் கூரைக்கடியில், நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பொந்தில், ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்து வடக்கே தப்பினாள். 1861-ல் தன் சரித்திரத்தைத் தானே புத்தகமாக வெளியிட்டாள். கடனுக்கு ஒளிந்தவரும் அடிமைத்தளைக்கு ஒளிந்தவளும் ஒரே ஊரில்.

வங்கியில் பேரேடு எழுதுகிறவனுக்கு இது உறுத்துகிறது. வில்சனின் கணக்கை முடித்துப் பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஐந்துக்கு மூன்று என்று அவர் எழுதவைத்த கணக்கு ஈடன்டனிலேயே இருந்துவிட்டது.