மெட்ராஸ் ஐ: சென்னையின் மேற்குப் புறநகரில் பரவலும் தடுப்பும்

விழிவெண்படலத்தில் பெரும்பாலும் அடினோ வைரஸ் உண்டாக்கும் அழற்சியைத்தான் தமிழ்நாட்டில் மெட்ராஸ் ஐ என்கிறோம். 1918-ல் மெட்ராஸில் இந்த வைரஸைக் கண்டுபிடித்ததால் வந்த பெயர் என்று பலரும் எழுதுகிறார்கள். அடினோ வைரஸைப் பிரித்தெடுத்ததே 1953-ல்தான் என்பதால் அந்தக் கதை நிற்காது. பெயரைப் பற்றிய தவறால் யாருக்கும் நஷ்டமில்லை. 'பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும்' என்ற நம்பிக்கையால்தான் நஷ்டம். கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டால் மற்றவர்களுக்கு ஆபத்தில்லை என்று நினைத்து, நோயாளி வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். கண்ணாடி அவருக்குக் கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். நோயைக் கொண்டுபோவது கை. அரிக்கும் கண்ணைத் துடைத்த விரல் ஆவடி மின்சார ரயிலின் கம்பியையும், அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் வருகை பதியும் கருவியையும், நாலு பேர் தங்கும் அறையின் ஒரே துண்டையும் தொடுகிறது. உலர்ந்த பரப்பிலும் இந்த வைரஸ் பல நாள் தாங்கும். கொழுப்புறை இல்லாததால் சானிடைசருக்கும் எளிதில் மசியாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதே நம்பகமானது. பரவலின் அளவும் சிறியதல்ல: 2022 வடகிழக்குப் பருவமழையின்போது மாநிலத்தில் ஏறத்தாழ 1.5 லட்சம் பேர் பாதிக்கப்பட்டதாக அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் தெரிவித்தார்.

மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டால் மறுநாளே வேலைக்குப் போகலாமே என்பார்கள். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு சிவப்பைச் சட்டென்று குறைப்பதால் குணமானது போலத் தோன்றும். வைரஸோ கண்ணில் இன்னும் அதிக நாள் தங்கும். குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடமும் ஓய்வும் இருந்தால் பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் தானே சரியாகும். பார்வை மங்கினாலோ, வலி கடுமையானாலோ, கைக்குழந்தைக்கு வந்தாலோ எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடத்தில் காட்டியே ஆக வேண்டும்.

வீட்டில் இருக்கச் சொன்னால் வரும் இதைவிட வலுவான மறுப்பு, லீவு போட்டால் சம்பளம் போகும் என்பது. நியாயமான மறுப்புதான். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவருக்கு மருத்துவச் சான்றின்பேரில் 70 சதவீத ஊதியம் கிடைக்கும் என்றாலும், பொதுவாக முதல் 2 நாளுக்குப் பணமில்லை; தொற்று மும்முரமாக இருப்பதும் தொடக்க நாட்களில்தான். ஈ.எஸ்.ஐ. இல்லாத தினக்கூலிக்கு அதுவும் கிடையாது. ஆனால் நோயாளியை ஷிஃப்டில் நிறுத்துவதால் முதலாளிக்கும் லாபமில்லை. தொற்றியவருக்குக் கண் சிவக்க 5 முதல் 12 நாள் வரை ஆகலாம். அதனால் அடுத்த வாரம் வரிசையாக ஆள் குறையும்போது, முதல் ஆளுக்கு லீவு மறுத்ததை சூப்பர்வைசர் நினைத்துப் பார்ப்பதில்லை. லீவே கிடைக்காது என்றால், அந்த ஆளுக்குத் தனிக் கருவிகளும் குழாயடியில் ஒரு சோப்பும் கொடுத்து, விரல் ரேகைக்குப் பதில் நோட்டில் வருகை எழுதுவதாவது நிர்வாகத்தால் ஆகக்கூடியது.