எல்.எஸ்.எஸ். பட்டியல் எதை அளக்கிறது? விழிஞ்ஞம் தொடக்கப் பள்ளிகளை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

கேரளத்தில் படிப்பில் முந்தி நிற்கும் பிள்ளைக்கு எந்த அரசு அல்லது உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஏற்றது என்று கேட்டால், பெற்றோரும் ஆய்வாளரும் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள்: எங்கே எல்.எஸ்.எஸ். வெற்றி அதிகமோ அங்கே. நான்காம் வகுப்பு முடியும் தறுவாயில் பரீட்சா பவன் நடத்தும் இந்த உதவித்தொகைத் தேர்வின் வெற்றிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கடலோரப் பள்ளிகளை உள்நாட்டுப் பள்ளிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, 'கடற்கரைப் பள்ளி திறமையை வளர்ப்பதில்லை' என்று முடிவுகட்டும் போக்கு ஒன்று நிலைபெற்றிருக்கிறது. திருவனந்தபுரத்தின் மீனவர் ஊரான விழிஞ்ஞத்தை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். பட்டியல் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டோம்.

விழிஞ்ஞம் என்றதும் ஆய் மன்னர்களையும், கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 சாத்தருக்கு (மாணவருக்கு) நிறுவிய சாலை என்னும் கல்விக்கூடத்தையும் முன்னுரையில் வைப்பது வழக்கமாகிவிட்டது. 9ஆம் நூற்றாண்டுச் சாலைக்கும் இன்றைய எல்.பி. பள்ளிக்கும் இடையே எந்தத் தொடர்ச்சியும் இல்லை. அதைக் கல்வெட்டு அறிஞர்களிடமே விட்டுவிடலாம்.

எல்.எஸ்.எஸ். என்பது இரண்டு தாள், மொத்தம் 80 மதிப்பெண். முதல் மொழி, ஆங்கிலம், பொது அறிவு ஒரு தாளிலும், சூழலியலும் கணிதமும் மற்றொன்றிலும் வரும். 60 விழுக்காடு, அதாவது 48 எடுத்தவர் வெற்றியாளர். ஆண்டுக்கு 1000 ரூபாய் உதவித்தொகை. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் தேர்வு அறிவிப்பில் யாரும் நின்று படிக்காத பகுதி ஒன்று உண்டு: யார் எழுதலாம் என்னும் விதி. நான்காம் வகுப்பின் இரண்டாம் பருவ மதிப்பீட்டில் முதல் மொழி, ஆங்கிலம், சூழலியல், கணிதம் ஆகிய பாடங்களில் ஏ கிரேடு பெற்றவரே தேர்வுக்குத் தகுதி உடையவர். ஒரு பாடத்தில் மட்டும் பி இருந்தால், உபஜில்லா (கல்வித் துணை மாவட்டம்) அளவிலான கலை, விளையாட்டு, அறிவியல் மேளா போன்றவற்றில் சிறப்பிடம் பெற்றிருக்க வேண்டும்.

இந்த விதியை ஆய்வாளர்கள் நடைமுறைச் சடங்காக எண்ணித் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது பட்டியலின் உயிர்நாடியாகத் தெரிகிறது. முதலாவதாக, அந்த கிரேடை இடுவது அதே பள்ளியின் வகுப்பாசிரியர். தேர்வுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்பதைப் பள்ளியே முடிவு செய்கிறது. கைதாராளமுள்ள பள்ளி முப்பது பேரை அனுப்பிப் பத்து வெற்றி காட்டும். கறாரான பள்ளி நான்கு பேரை அனுப்பி மூன்று காட்டும். பட்டியலில் பத்தும் மூன்றும்தான் தெரியும். நான்காம் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்பதோ, எத்தனை பேர் எழுதினார்கள் என்பதோ அதில் இல்லை. பத்துப் பிள்ளைகள் மட்டுமே உள்ள ஒரு நான்காம் வகுப்பில் ஒரு குழந்தைக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தாலே பள்ளியின் 'தரம்' பத்து விழுக்காடு சரிந்துவிடும்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. முந்திச் செல்லும் குழந்தை எல்லாப் பாடத்திலும் ஒரே சீராக முந்துவதில்லை. கணக்கில் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் தானே புரட்டிப் பார்க்கும் பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறலாம். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் வீடுகளில் இப்படிப்பட்ட மேடு பள்ளம் கூடுதலாக இருக்கும், ஏனெனில் ஆங்கிலத்தை ஈடுகட்ட வீட்டில் ஆள் இல்லை. விழிஞ்ஞத்தின் லத்தீன் கத்தோலிக்க, முஸ்லிம் மீனவர் தெருக்களில் பேசப்படும் மலையாளம் பாடநூல் மலையாளத்திலிருந்து விலகியது. தமிழ்ச் சொற்கள் அதில் தாராளமாகப் புழங்கும். அந்தப் பிள்ளைக்கு முதல் மொழித் தாளும் பாதி அந்நியம். நான்கிலும் ஏ வேண்டும் என்னும் விதி, எதிலும் குறை வைக்காத பிள்ளையைத் தேடுகிறது. ஒன்றில் வெகுதூரம் போய்விட்ட பிள்ளை பெரும்பாலும் அதன் கண்ணில் படுவதில்லை. 48 எடுத்தவரும் 79 எடுத்தவரும் பள்ளி வாசல் ஃபிளெக்ஸில் ஒரே அளவுப் புகைப்படமாக நிற்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மேல்முனையைப் பிரித்துக் காட்டாத ஒரு கருவியை மேல்முனைப் பிள்ளைகளுக்கான அளவுகோல் என்கிறோம்.

மூன்றாவது, காலம். இரண்டாம் பருவ மதிப்பீடு நடப்பது டிசம்பரில். 2017 நவம்பர் 29 இரவும் 30ஆம் தேதியும் ஒக்கிப் புயல் வந்தது. பூந்துறை, விழிஞ்ஞம், புல்லுவிளை வீடுகளில் கடலுக்குப் போனவர் திரும்புவாரா என்று கரையில் காத்திருந்த வாரங்கள் அவை. 2022இல் விழிஞ்ஞத்தில் கட்டப்பட்டுவந்த துறைமுகத்துக்கு எதிரான முற்றுகை ஆகஸ்ட் 16இல் தொடங்கி டிசம்பர் 6இல் முடிந்தது. நவம்பர் இறுதியில் விழிஞ்ஞம் காவல் நிலையம் தாக்கப்பட்டு ஊரே கொந்தளித்தது. தகுதி விதியை இந்த இரண்டு டிசம்பர்களின் மேல் வைத்துப் பாருங்கள். அப்போது ஏ தவறிய ஒன்பது வயதுப் பிள்ளை பட்டியலில் 'இல்லாதவர்' ஆகிறார். பள்ளி 'பின்தங்கியது' ஆகிறது. பேரிடர் ஆண்டுகளை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாமே என்பார்கள். ஒதுக்கினாலும் ஆண்டுதோறும் வருவது ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவமழையில் மற்றக் கரைகளில் படகு இறக்க முடியாத நாட்களில் விழிஞ்ஞத்தில்தான் மீன்பாடு உச்சம். வீடு முழுவதும் கரையில் நிற்கும் அந்த மாதங்களில்தான் கேரளப் பள்ளி ஆண்டு தொடங்குகிறது.

விழிஞ்ஞம் பள்ளிகள் பாலராமபுரம் உபஜில்லாவில் அடங்குகின்றன. கைத்தறி ஊர்களும் வயல்காட்டுப் பஞ்சாயத்துகளும் கடற்கரையும் ஒன்றாகக் கிடக்கும் பகுதி அது. அங்கே உபஜில்லாப் பட்டியலை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்துவது குடும்பங்களை வரிசைப்படுத்துவதாகவே முடியும். அமெரிக்காவில் 1966இல் வந்த கோல்மன் அறிக்கை தொடக்கிவைத்த விவாதம் இது. நம்மிடம் அது இன்னும் வந்து சேரவில்லை போலும்.

பயிற்சி வகுப்புகளைப் பற்றி ஒரு சொல். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் பல பள்ளிகளில் 'எல்.எஸ்.எஸ். பாட்ச்' தனியே பிரிக்கப்படுகிறது. வராந்தாவிலோ நூலக அறையிலோ பழைய வினாத்தாள்களோடும் கையேட்டோடும் உட்காருகிறார்கள்; காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக, சனிக்கிழமை முழுநாள். ஆசிரியர்களின் உழைப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் கணக்குப் பார்த்தால், நான்கு ஆண்டுப் பள்ளி வாழ்வில் அந்தக் குழந்தைக்குத் தனிக் கவனம் கிடைத்தது கடைசிச் சில வாரங்கள்தான். அதுவும் 48ஐத் தொடும் வரைக்கும்தான். எளிதாக 70 எடுக்கும் பிள்ளைக்குப் பயிற்சி தேவையில்லை என்று ஆசிரியர் நினைப்பது இயல்பு. எல்லையில் நிற்பவர் மேல்தான் கவனம் குவியும். 

எதிர்த்தரப்பில் கடற்கரைக்கு ஆதரவாகப் பேசுவோரின் வாதமும் எனக்கு உடன்பாடில்லை. மலையுச்சி ஒன்றையும் தேவாலயக் கோபுரம் ஒன்றையும் நேர்க்கோட்டில் பிடித்து, வேறு திசையில் இன்னொரு இணையைப் பிடித்து, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் கடலடிப் பாரை (பாறைத்திட்டை)க் கண்டுபிடிக்கும் கணிச்சம் என்னும் முறையைக் காட்டி, மீனவப் பிள்ளைக்கு வடிவியல் பிறவியிலேயே வரும் என்கிறார்கள். கணிச்சம் வியப்பூட்டும் கணிதமே. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை கடலுக்குப் போவதில்லை. அப்பாவின் படகிலும் இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது. தந்தையின் அறிவை மகள் கணக்கில் வரவு வைப்பது பாராட்டு ஆகலாம், சான்று ஆகாது.

பட்டியலுக்கு மாற்றாகச் சிலர் ஜவகர் நவோதயா தேர்வைக் காட்டுகிறார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான நவோதயா விதுரை அருகே செற்றச்சலில் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் அதிகபட்சம் 80 இடம், அதில் குறைந்தது 75 விழுக்காடு ஊரகப் பிள்ளைகளுக்கு. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை முழுவதும் ஊரகப் பள்ளியில் படித்திருந்தால்தான் அந்த ஒதுக்கீடு. விழிஞ்ஞம் பஞ்சாயத்து 2010இல் திருவனந்தபுரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. அன்றிலிருந்து விழிஞ்ஞம் பள்ளிப் பிள்ளை நகரத்துப் பிள்ளை. எல்லையைத் தாண்டிக் கோட்டுகால் பஞ்சாயத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஊரகப் பிள்ளை. இருவருடைய அப்பாக்களும் ஒரே மீன்பிடித் துறையில் படகு கட்டலாம். இந்த இரண்டு பள்ளிகளின் நவோதயா எண்ணிக்கையை ஒப்பிடுபவர் ஆசிரியர்களை ஒப்பிடவில்லை, வார்டு எல்லையை ஒப்பிடுகிறார். போதாததற்கு, கேரளத்தில் எல்.பி. நான்காம் வகுப்போடு முடிகிறது. நவோதயா தேர்வு ஐந்தில் வருகிறது. வெற்றி அடுத்த நிலையான யு.பி. பள்ளியின் பெயரில் எழுதப்படுகிறது. நான்கு ஆண்டு வளர்த்த எல்.பி. ஆசிரியர் கணக்கில் எதுவும் ஏறாது.

அப்படியானால் எதை ஒப்பிடுவது? அரசின் கிஃப்டட் சில்ட்ரன் திட்டம் ஏழாம் வகுப்பு யு.எஸ்.எஸ். தேர்வுக்குப் பிறகே தொடங்குகிறது. தொடக்க நிலையில் தேர்வு மட்டுமே இருக்கிறது, திட்டம் இல்லை. எனவே ஒப்பீடு வகுப்பறைக்குள்தான் நடக்க வேண்டும். கொடுத்த கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்ட பிள்ளை மீதி நேரம் என்ன செய்கிறாள்? வகுப்பு நூலகத்தில் அவள் படித்து முடிக்காத புத்தகம் இருக்கிறதா? கணக்குக்கு மட்டும் அவளை மேல் வகுப்பில் உட்கார வைக்கத் தலைமையாசிரியர் சம்மதிப்பாரா? ஒரு டிவிஷன் மட்டுமே உள்ள சிறு பள்ளிக்கு இதில் ஒரு வசதி உண்டு. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரு தட்டிக்கு இரு புறமும் இருக்கும். காது உள்ள பிள்ளை இரண்டையும் கேட்கும். இப்படிப்பட்ட பள்ளிகளைத்தான் பட்டியல் அடிமட்டத்தில் வைக்கிறது என்பது என் ஊகம். ஊகத்துக்கு மேல் சொல்ல இன்றைய தரவு இடம் கொடுக்காது.

பரீட்சா பவன் செய்யக்கூடியது எளிது. ஒவ்வொரு பள்ளிக்கும் நான்காம் வகுப்பு மொத்த எண்ணிக்கை, தகுதி பெற்றோர், எழுதியோர், மதிப்பெண் பரவல் ஆகிய நான்கையும் பெயர்களின்றி வெளியிட வேண்டும். ஏ தவறியவர் எந்தப் பாடத்தில் தவறினார் என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. அவை வெளிவரும் வரை, வெற்றி எண்ணிக்கையை மட்டும் வைத்து விழிஞ்ஞம் பள்ளிகளுக்குத் தரவரிசை போடும் ஆய்வை ஏற்பதற்கில்லை.