கொன்றை வேந்தனும் ஹாலே நகரமும்

தரங்கம்பாடி ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயத்தைத் தாண்டும்போதெல்லாம், அங்கே அடக்கமாகியிருக்கும் சீகன்பால்குவோடு கொன்றை வேந்தனும் என் நினைவுக்கு வரும். காரணம் இருக்கிறது.

1706 ஜூலையில் டென்மார்க் அரசர் அனுப்பி இங்கே வந்திறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரை வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் விரல் வைத்து எழுதிப் பழகினார். நம்மில் பலரும் அப்படித் தொடங்கியவர்கள்தானே! 1708-லேயே நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்துவிட்டார். வேதாகமம் அறியாத மக்களிடம் இப்படியொரு ஒழுக்கநெறியா என்ற வியப்பு அவருக்கு.

இன்று அது சாதாரணப் பேச்சு. அன்றைய ஐரோப்பாவில் அது நெருப்பு. பிரான்சிலிருந்து ஓடி ஹாலந்தில் தஞ்சம் புகுந்த பியர் பேல், நாத்திகர்களும் ஒழுக்கமாக வாழ முடியும் என்று 1682-ல் எழுதியது பெரிய சர்ச்சையானது. தெய்வ வெளிப்பாடு இல்லாமலே அறம் உண்டு என்றால், திருச்சபை எதற்கு?

சீகன்பால்கு நாத்திகர் அல்ல. நம்மவர்களை மதம் மாற்றவே வந்தவர். பேலோடு சேர்த்துப் பேசினால் கோபித்துக்கொண்டிருப்பார். ஆனாலும் இங்குள்ள டேனிஷ் தளபதியோடு மோதி, நான்கு மாதம் கோட்டையில் சிறையிருந்தார். தென்னிந்திய தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த குரு பிராங்கே அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் வாதம். இத்தனைக்கும் அந்தப் பிராங்கேயே, கொள்கை பிடிக்காமல் 1691-ல் எர்ஃபுர்ட் நகரிலிருந்து விரட்டப்பட்டவர்!

1719-ல், 36 வயதில், சீகன்பால்கு இங்கேயே இறந்தார். இரண்டு வருஷம் கழித்து அதே ஹாலேயில் கிறிஸ்டியன் வோல்ஃப் என்ற பேராசிரியர் ஒரு சொற்பொழிவு செய்தார். கன்பூசியஸைக் காட்டி, கிறிஸ்தவ வேதம் இல்லாமலும் நல்லொழுக்கம் சாத்தியம் என்றார். பிராங்கேயின் கூட்டம் கொதித்தது. இவர் போதனை நாத்திகத்தில்தான் கொண்டுபோய் விடும் என்றார்கள். இந்தத் தத்துவப்படி, ஓடிப்போகும் சிப்பாய்கூட 'எல்லாம் விதி' என்று தப்பித்துக்கொள்வான் என அரசர் காதில் ஓதினார்களாம். 1723-ல் உத்தரவு வந்தது: 48 மணி நேரத்தில் வெளியேறு, இல்லையேல் தூக்கு.

எதிர்ப்பில் முன்னணியில் நின்றவர் யோவாகிம் லாங்கே. பெர்லினில் சீகன்பால்குவின் ஆசிரியர் அவர். தரங்கம்பாடியிலிருந்து மாணவர் எழுதிய முதல் கடிதங்களை ஆசையாக அச்சிட்டவரும் அவரே. சீனத்தைப் பற்றி வோல்ஃப் சொன்னதற்கும், நம் ஊரைப் பற்றித் தன் மாணவர் வியந்ததற்கும் அதிக தூரமில்லை என்று அவருக்குத் தோன்றியதா, என்னவோ!

வோல்ஃப் பிழைத்தார். 1740-ல் புதிய அரசர் பட்டத்துக்கு வந்ததும் மரியாதையோடு திரும்ப அழைக்கப்பட்டார். சீகன்பால்குவின் தெய்வங்கள் நூல் 1867-ல் சென்னையில் அச்சேறியது. கொன்றை வேந்தன் மொழிபெயர்ப்பு 1930 வரை காத்திருந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ் கொடி இறங்கி அப்போது 85 வருஷமாகியிருந்தது.