வாய்மொழி வாக்குறுதியும் வாரிசுரிமையும்: சட்டம் சொல்வது என்ன?

திண்டுக்கல் நகரிலும் நிலக்கோட்டை, ஆத்தூர், வேடசந்தூர் சமவெளிக் கிராமங்களிலும் தலித் குடும்பங்கள் பலவற்றின் சொத்து ஒரு வீட்டுமனையோ சிறிதளவு புன்செய்யோதான். “எனக்குப் பிறகு இது உனக்குத்தான்” என்று பெரியவர் சொன்ன சொல்லே அங்கு ஆவணமாகக் கருதப்படுகிறது. அச்சொல்லுக்குச் சட்டத்தில் உள்ள மதிப்பை நாம் அறிந்திருக்க வேண்டும்.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63ஆம் பிரிவின்படி உயில் எழுத்தில் இருத்தல் வேண்டும்; எழுதியவரின் கையொப்பமும் சாட்சிகள் இருவரின் சான்றொப்பமும் தேவை. பதிவு கட்டாயமன்று. அசையாச் சொத்தைத் தானமாக அளிப்பதாயின் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 123ஆம் பிரிவின்படி பதிவு கட்டாயம். இசுலாமியர்க்கு இவ்விதிகள் பொருந்தா. அவர்களது தனிச்சட்டம் வாய்மொழிக் கொடையை ஏற்கிறது.

உயிலின்றி ஒருவர் இறந்தால் வாக்குறுதி அன்று, வாரிசுரிமைச் சட்டமே பங்கைத் தீர்மானிக்கும். இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, தந்தை தாமே ஈட்டிய சொத்தில் அவருடைய மனைவி, தாய், மகன்கள், மகள்கள் அனைவர்க்கும் சமபங்கு உண்டு. கிறித்தவர்களில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும்.

இதே விதி பெண்களைக் காக்கவும் செய்கிறது. “நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, பங்கு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்” என்பது போதிய சான்றாகாது. பங்கை விட்டுக்கொடுக்கப் பொதுவாகப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் தேவை. பூர்விகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளின் உரிமையை மறுக்க, வாய்மொழிப் பாகப்பிரிவினை நடந்ததாகக் கூறுவதைப் பொதுவாக ஏற்க இயலாது என 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு ஆவணங்கள் தெளிவாக உறுதிசெய்யும் அரிதான நேர்வுகளே விலக்கு.

குடும்பத்தார் அனைவரும் மனமொப்பிச் செய்துகொண்ட வாய்மொழிக் குடும்ப ஏற்பாடு செல்லும் என்பதையும் 1976இல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆயினும் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவரையே சாரும். தனித்தனி அனுபோகம், பட்டா, வரி ரசீது ஆகியவை அதற்குத் துணைச் சான்றுகள்; பட்டா மட்டுமே உரிமைமூலம் ஆகாது.

எனவே பெரியவர் உயிருடன் இருக்கும்போதே உயிலையோ தானப் பத்திரத்தையோ எழுதிவைத்தல் நன்று. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவு வழங்குகிறது. திண்டுக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலும், தேசிய உதவி எண் 15100 வழியாகவும் நாடலாம்.