புரோக்கர் கமிஷனும் அம்ரதல்லா தெரு கட்டிடமும்

புரோக்கரோடு நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்து வீடு பிடித்துப்போனதும், "ஓனரிடம் நேரே பேசிவிட்டால் கமிஷன் மிச்சமாகுமே, சார்?" என்று கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். (வங்கிக்காரனுக்குச் சட்டமும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை!) இந்த யோசனைக்கு இதே ஊரில் ஒரு பழைய வழக்கே இருக்கிறது.

1943. அம்ரதல்லா தெரு, 27-ஆம் எண் கட்டிடம். உரிமையாளர் ஒரு தரகருக்கு ஒரு மாதக் கெடு வைத்துக் கடிதம் கொடுத்தார். ஒரு லட்சத்துக்கு ஆள் பிடித்தால் கூலி 1,000 ரூபாய். விலை 1,05,000-ஐத் தாண்டி 1,10,000 வரை போனால், தாண்டிய தொகை முழுவதும் தரகருக்கே. தரகர் கெடுவுக்குள்ளேயே 1,10,000-க்கு ஆள் கொண்டுவந்தார். கூட்டிப் பாருங்கள், 6,000. உரிமையாளர் என்ன செய்தார்? அதிகாரத்தை ரத்து செய்துவிட்டு, அதே ஆட்கள் காட்டியவர்களுக்கு 1,05,000-க்கு விற்றுவிட்டார். அந்த விலையைக் கவனியுங்கள். கடிதப்படி அதில் 5,000 ரூபாய் கமிஷன் காணாமல் போய்விடும்!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1950-ல் தரகர் ஜெயித்தார். ஆள் பிடித்துத் தருவதுதான் அவர் ஏற்ற வேலை, அது முடிந்துவிட்டது என்றது கோர்ட். ஆனால் பேரம் பேசும் அதிகாரம் மட்டும் உள்ள தரகர், உரிமையாளருக்காக விற்பனை ஒப்பந்தம் செய்துவிட முடியாது என்றும் சொன்னது.

இங்கிலாந்தில் 1941-ல் லக்ஸர் வழக்கில் தரகர் தோற்றார். 10,000 பவுண்டு கமிஷன், ஆனால் விற்பனை முடிந்தால்தான் என்பது பேச்சு. உரிமையாளர்கள் பின்வாங்கினார்கள், கமிஷன் போச்சு. எல்லாம் வாசகத்தில்தான் இருக்கிறது.

நம் 1872 ஒப்பந்தச் சட்டம் 219-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால், வேலை முடிந்த பிறகே கூலி. 220-ஆம் பிரிவு மறுபக்கம். நேர்மை தவறிய வேலைக்குத் தரகருக்குக் கூலி கிடையாது.

2016 ரேரா சட்டம் வந்தபின், பதிவு செய்த புதிய திட்டங்களில் வீடு விற்றுத்தரும் ஏஜென்டும் பதிவு செய்ய வேண்டும், கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். மேற்கு வங்கம் தனியாகப் போட்ட சட்டத்தை 2021-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததால், இங்கும் ரேராதான். அதில் கமிஷன் சதவீதம் எதுவும் இல்லை. லேக் மார்க்கெட் பக்கம் வாடகை வீடு தேடுகிறவர்களுக்கோ ரேராவே பொருந்தாது, 1872 சட்டம்தான். ஆகவே ரேட் எவ்வளவு, எப்போது தர வேண்டும், இரண்டையும் வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.