அவசரம் எது?

மன்றத்தின் அன்றாட அலுவலை நிறுத்துங்கள். இதனை முதலில் பேசுங்கள்! இவ்வாறு கேட்பதற்கு ஒத்திவைப்புத் தீர்மானம் என்று பெயர். உரிமை என்கிறோம் அதனை. ஆனால், அது பிறந்ததோ கடிவாளமாக! இங்கிலாந்தின் காமன்ஸ் சபையில் ஐரிஷ் உறுப்பினர்கள் ஒத்திவைப்புக் கோரிக் கோரி அலுவலை முடக்கினர். அதைத் தடுக்கவே 1882ஆம் ஆண்டு விதி எழுந்தது. பொருள் திட்டவட்டமானதாக, அவசரமானதாக, பொது முக்கியத்துவம் வாய்ந்ததாக இருத்தல் வேண்டும். 40 பேர் எழுந்து நின்று ஆதரித்தல் வேண்டும்.

கடல் கடந்து அம்முறை 1921இல் டெல்லி சட்டசபைக்கு வந்தது. மக்களுக்குப் பொறுப்பேற்காத வெள்ளையர் ஆட்சியைத் தட்டிக் கேட்கும் ஆயுதமாயிற்று. 1950இல் அவைத்தலைவர் மவ்லங்கர், பொறுப்பாட்சி வந்தபின் அவ்வாயுதத்தை அரிதாகவே எடுக்க வேண்டும் என்றார். இன்று மக்களவையில் அவைத்தலைவர் இசைய வேண்டும். மறுப்பு எழுந்தால் 50 பேர் எழுந்து நிற்க வேண்டும். பொருள் அண்மையில் நிகழ்ந்ததாக இருக்க வேண்டும்.

அண்மையில்! இந்த ஒரு சொல்லை உற்று நோக்குவோம். நேற்று கவிழ்ந்த இரயில் அவசரம். ஆண்டாண்டாக நடக்கும் கொடுமை? அதற்கு நாளுமில்லை, கிழமையுமில்லை; ஆகவே, அவசரமுமில்லை!

சான்றுக்குக் கன்னட எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைக் காண்போம். ஓசூரில் ஆலைகள் ஓங்கின. ஆனால், இம்மாவட்டங்களின் சிற்றூர் பலவற்றில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பை மீறிய நீரைப் பல்லாண்டு பருகினால் பல் கறைபடும், எலும்பு விறைக்கும், முதுகு வளையும். அம்முதுகு ஒரே நாளிலா வளைந்தது? எந்தத் தேதியிட்டுத் தீர்மானம் கொடுப்பது?

2008 பிப்ரவரி 26இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு முதலமைச்சர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்பு மூண்டது. மார்ச் 27இல் தமிழகச் சட்டமன்றம், திட்டம் தடையின்றி நிறைவேற மத்திய அரசு துணைநிற்க வேண்டும் என ஒருமனதாகத் தீர்மானித்தது. பின்னர் எல்லையில் பேருந்துகள் நின்றன. நீர் எலும்பை அரித்தபோது வாராத பரபரப்பு, பேருந்து நின்றபோது வந்தது! ஏப்ரலிலோ, கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. வளைந்த முதுகுகள் காத்திருந்தன. 2013இல்தான் முதலமைச்சர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

விதியை வைது பயனில்லை, தோழர்களே! விதி கேட்பது நாளும் எண்ணும். அவற்றை நாம் கொடுப்போம். ஊர்தோறும் நீரைச் சோதிக்கச் செய்வோம். முடிவை நாளிட்டு வாங்குவோம். அதைத் தொகுதி உறுப்பினரின் கையில் சேர்ப்போம். மெல்லக் கொல்லும் கொடுமைக்கும் மன்றத்தின் கதவு திறக்கட்டும்!